சித்தன்னவாசல்: கூரையில் ஒரு தாமரைக் குளம்

புதுக்கோட்டைக்கு அருகே சித்தன்னவாசல் குன்றில் இருக்கும் அறிவர் கோயில் ஒரு சமணக் குடைவரை. அங்கே போகிறவர்களில் பலர் கூரை ஓவியத்தை ஐந்து நிமிடம் அண்ணாந்து பார்த்துவிட்டு, “எல்லாம் மங்கிப்போச்சு” என்று வெளியே வந்துவிடுகிறார்கள். அந்தக் கூரைக்குக் கூடுதலாகக் கொஞ்ச நேரம் தந்தால், சுமார் 9-ஆம் நூற்றாண்டில் இந்த மண்ணில் நீரையும் உயிர்களையும் எப்படிப் பார்த்தார்கள் என்பது துலங்கும்.

முதலில், கண் இருட்டுக்குப் பழகட்டும். மெல்லப் பச்சை தெரியும். அது தாமரை இலை. பிறகு மொட்டு, பாதி விரிந்த பூ, முழுதாக மலர்ந்த பூ. ஏதாவது ஒரு தண்டைக் கண்ணால் பற்றிக்கொண்டு அதன் வளைவோடு போனால் மீனோ பறவையோ எதிர்ப்படும். யானைகளும் எருமைகளும் அந்த நீரில்தான் இறங்கியிருக்கின்றன. பூப்பறிக்கும் மூன்று ஆடவரைக் கடைசியாகப் பார்ப்பது நல்லது.

அதற்குக் காரணம் உண்டு. தீர்த்தங்கரர் அறம் உரைக்கத் தேவர்கள் அமைக்கும் சமவசரணம் என்ற அவையைச் சூழ்ந்த நீர்ப்பகுதி இது என்பது அறிஞர்களின் விளக்கம். அந்த உரையைக் கேட்கப் போகும் பவ்வியர்களே, அதாவது வீடுபேற்றுக்குத் தகுதி உடையவர்களே, பூப்பறிக்கிறார்கள். சமணம் உயிர்களைப் புலன்களின் எண்ணிக்கையால் வகுக்கிறது: தாமரைக்கு ஒன்று, மீனுக்கும் யானைக்கும் மனிதனுக்கும் ஐந்து. நீருக்கே உயிர் உண்டு என்பதும் அதன் கொள்கை. இதை மனத்தில் வைத்துப் பார்த்தால் இலைக்கும் எருமைக்கும் மனிதருக்கும் ஓவியர் ஒரே அக்கறை காட்டியிருப்பது புரியும். இங்கே வெறும் பின்னணி என்று எதுவுமே இல்லை.

அடுத்து நிறம். சுண்ணாம்புப் பூச்சின் மேல் இலைகளின் பச்சையோடு சுண்ணாம்பு வெள்ளை, கரிக்கறுப்பு, செங்காவி, மஞ்சள் காவி.

ஓவியத்தோடு அது இருக்கும் நிலத்தையும் நினைத்துக்கொள்ள வேண்டும். புதுக்கோட்டை வானம் பார்த்த பூமி. கண்மாயிலும் ஊருணியிலும் மழைநீரைத் தேக்கித்தான் இங்கே வெள்ளாமை நடந்தது. தேவர்கள் அமைத்த குளத்தில் எருமை கிடப்பதை இந்த நிலத்தோடு சேர்த்தே பார்க்க வேண்டும்.

குடைவரைக்கு வெளியே பாறையில் ஒரு கல்வெட்டும் இருக்கிறது. பாண்டியன் ஸ்ரீவல்லபன் காலத்தில் மதுரையைச் சேர்ந்த இளங்கௌதமன் என்ற சமண ஆசான் கோயிலைப் புதுப்பித்து முகமண்டபம் எடுத்த செய்தியை அது சொல்கிறது.

முன்தூண்களில் உள்ள ஆடல்மகளிரையும் பார்த்துவிட்டு இறங்குபவர்கள், போகும் வழியில் தண்ணீர் நிற்கும் கண்மாய் ஒன்றின் கரையில் வண்டியை நிறுத்தலாம். இலை எப்படி மடிகிறது, எருமையின் முதுகு எவ்வளவு வெளியே தெரிகிறது என்று கவனித்தால், கூரையில் வரைந்தவர்கள் எவ்வளவு கூர்ந்து பார்த்திருக்கிறார்கள் என்பதை அங்கேயே ஒப்பிட்டுக்கொள்ளலாம்.