ஒலிக்குறிப்பும் ஓவியமும்

ஒலிக்குறிப்புச் சொல்லை ஓவியமாக்கும் பயிற்சி பதின்ம வயதினர்க்குரிய சித்திர வகுப்புகளிற் பலவிடத்தும் வழங்குகின்றது. வெடித்துச் சிதறும் வடிவொன்றனுள் தடித்த எழுத்துகளைப் பொறித்தலே அதன் வழமையான முறை. இம்முறைக்குப் புகழ்பெற்ற சான்று ரோய் லிச்டென்ஸ்டைன் 1963இல் வரைந்த ‘வாம்!’ என்னும் ஓவியமாகும். போர்விமானம் ஒன்று மற்றொன்றைத் தாக்கும் காட்சியை அமெரிக்கச் சித்திரக்கதையொன்றினின்றும் எடுத்து, அதனைப் பேருருவாக்கியவர் அவர். சொல்லும் வெடிப்பும் இரவல் என்பதை அவ்வோவியமே உணர்த்துகின்றது. அதனைப் பார்த்து வரையும் மாணவரோ அவ்விரவலையே தம் செவிப்புலனாகக் கொள்கின்றனர். குறை இங்கேதான் தொடங்குகின்றது.

தமிழ் மரபு வேறொரு வழியைத் தருகின்றது. தொல்காப்பியம் உரிச்சொல்லை இசை, குறிப்பு, பண்பு என்பவற்றின் அடியாக விளக்கும். கம்பலை, சும்மை, கலி, அழுங்கல் ஆகிய நான்கனையும் அரவப் பொருளனவாக ஓதும். இரட்டைக்கிளவி பிரிந்திசையாது என்பதும் அதன் விதி. இவ்விதி ஓவிய ஆசிரியனுக்கும் பயன்படுவதாகும். ஒற்றைக் கோடு சலசலப்பாகாது. கோடு மீள வருதலும் மீள்வுகளுக்கிடையே விடப்படும் வெளியும் சேர்ந்தே அச்சொல்லின் உருவமாகும். ‘பளபள’ என்பதும் அதே அமைப்பினதாயினும், அது கண்ணுக்குரியது. செவிக்குரியதனைக் கண்ணுக்கு மாற்றுவதே உண்மையான பயிற்சி.

ஒலிக்கும் வடிவுக்கும் உள்ள இயைபு கற்பனையன்று. 1929இற் கோலர் காட்டிய இவ்வியைபை 2001இல் இராமச்சந்திரனும் ஹபார்டும் மீள ஆராய்ந்தபோது, அமெரிக்க மாணவருட் போலவே தமிழ் பேசுவோருட் பெரும்பாலோரும் ‘கிகி’யைக் கூரிய வடிவுக்கும் ‘பூபா’வை வளைந்த வடிவுக்கும் உரித்தாக்கினர். ஆயின் இவ்வுண்மை கோட்டின் தன்மையை விளக்குமேயன்றி, ஓர் இடத்தின் ஒலியை விளக்காது.

சம்மாந்துறையை அடுத்து வயல்சூழக் கிடக்கும் வீரமுனையை நோக்குக. வாய்க்காலின் சலசலப்பும் முற்றிய கதிரின் சரசரப்பும் அயலிலுள்ள தமிழ், முஸ்லிம் சிறார் இருசாரார்க்கும் பொதுவான சொற்களே. அவ்வூர் 1990இற் படுகொலையைக் கண்டது. கல்முனைக் கரையோரம் 2004இல் ஆழிப்பேரலையைக் கண்டது. இத்தகைய நிலத்தில் வெடிப்பொலியை வெறும் அலங்காரமாக வரையப் பணித்தல் கல்வியாகாது.

‘படபட’ என்பது சிறகுக்கும் உரியது, துப்பாக்கிக்கும் உரியது. இரண்டனுள் எதனை வரைவது என்பதை ஆசிரியர் விதித்தலாகாது. மாணவரே தெரிதல் வேண்டும். எழுத்தை மறைத்த பின்னும் எந்த ஒலி என்பது படத்திற் புலப்படுமாயின், அப்பயிற்சி நிறைவுற்றது எனலாம்.