முப்பதாவது கிலோமீட்டரில் நில்லுங்கள்

கோபாலபுரத்துக்காரர்களுக்குக் கடற்கரை பக்கம்தான். ஜனவரியில் சென்னை மாரத்தான் நடக்கும்போது, விடியுமுன் எழுந்து வேடிக்கை பார்க்கப் போவது சிரமமில்லை. எங்கே நின்று பார்ப்பது என்பதில்தான் ரசனை இருக்கிறது. தொடக்கக் கோட்டில் எல்லோருமே வீரர்கள். தடத்தின் வரைபடத்தில் 30-வது கிலோமீட்டரைத் தேடிப் பிடித்து, அதைத் தாண்டி நில்லுங்கள்.

காரணம் முதல் ஒலிம்பிக் மாரத்தானிலேயே இருக்கிறது. 1896, ஏதென்ஸ், தூரம் ஏறத்தாழ 40 கி.மீ. பிரான்ஸின் லெர்முசியோ பறந்து சென்று முன்னிலை பிடித்தார், 32 கி.மீ. வாக்கில் ஓய்ந்துபோனார். 800, 1500 மீட்டர் பந்தயங்களை வென்றிருந்த ஆஸ்திரேலியர் எட்வின் ஃபிளாக் அடுத்து முன்னேறினார். அவரும் வழியில் சுருண்டு விழுந்தார். ஆரம்பத்தில் ஆவேசப்படாத கிரேக்கர் ஸ்பிரிடன் லூயிஸ் வென்றார். முப்பது கிலோமீட்டரைத் தாண்டியதும் தசையில் சேர்ந்திருக்கும் மாவுச்சத்து தீர்கிற கட்டத்தை ஓட்டக்காரர்கள் 'சுவர்' என்பார்கள்.

எதைக் கவனிப்பது?

முதலில் காதைக் கொடுங்கள். சீராக ஓடுபவரின் காலடி மென்மையாக, ஒரே தாளத்தில் விழும். களைத்தவரின் பாதம் சாலையில் அறையும். பிறகு தோளைப் பாருங்கள். காதை நோக்கி அது ஏறியிருந்தால் உடம்பு கெஞ்சுகிறது என்று பொருள்.

வேகத்தை உடம்பால் அறிவது

ஓடுபவரின் வேகம் எத்தகையது என்பதை ஒரு பழைய ஓட்டத்தை வைத்து உணரலாம். 1920 ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் பெல்காமைச் சேர்ந்த பி.டி. சௌகுலே மாரத்தான் ஓடினார். மாரத்தானுக்கு 42.195 கி.மீ. என்ற இன்றைய அளவு 1921-இல்தான் நிலைபெற்றது. ஆண்ட்வெர்ப்பில் தூரம் 42.75 கி.மீ. அதை 2 மணி 50 நிமிடம் 45 விநாடியில் முடித்து 19-வதாக வந்தார். உடன் போட்டியிட்ட மற்றோர் இந்தியர் சதாசிவ் தாத்தாரால் முடிக்க இயலவில்லை.

பத்தொன்பதாம் இடமா என்று தோன்றினால், கோபாலபுரம் மைதானத்தில் நூறு மீட்டர் அளந்து, 24 விநாடியில் ஓடிப் பாருங்கள். முடிகிறதல்லவா? சௌகுலே அதே வேகத்தில் 427 நூறு மீட்டர்களை இடைவிடாமல் ஓடினார்.

மூச்சு வாங்கிய அந்த நினைவோடு சாலையோரம் போய் நில்லுங்கள். முன்னணியினர் கடந்ததும் திரும்பிவிடாதீர்கள். வெயில் ஏறிய பிறகு, தோள் உயர்ந்து, பாதம் அறைந்து ஒருவர் வருவார். எத்தனையாவது ஆள் என்று எண்ணாமல் அவருக்குக் கைதட்டுங்கள்.