ரங்கப்பிள்ளையின் நாட்குறிப்பு

மனசைத் தெரிந்துகொள்ள நாட்குறிப்பைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை. அதற்குப் புதுச்சேரியிலேயே ஒரு முன்னோடி இருந்தார். பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேயின் துபாஷியான, அதாவது மொழிபெயர்ப்பாளரான ஆனந்தரங்கப் பிள்ளை 1736-இல் தொடங்கி 1761-இல் இறக்கும் காலம்வரை தமிழில் எழுதினார். கப்பல் வந்தது, சரக்கு விலை, கவர்னர் கேட்டது, தான் சொன்ன பதில் என எல்லாம் நாள் கிழமையோடு, அன்றைய பேச்சு நடையிலேயே பதிவாகியிருக்கின்றன.

சரித்திரக்காரர்களுக்கு அது ஆவணம். எனக்குப் பிடித்தது வேறு. 1746-இல் தலைமைத் துபாஷி கனகராய முதலியார் இறந்த பிறகு அந்தப் பதவிக்கு நடந்த பேரங்கள், துய்ப்ளேயின் மனைவிமேல் இருந்த கசப்பு, 1748-இல் வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டபோது பட்ட வேதனை ஆகியவற்றையும் மறைக்காமல் எழுதினார். பெருமையும் பொருமலும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. எது பெரியது, எது சிறியது என்று அவர் தரம் பிரிக்கவில்லை. அதுதான் அந்த எழுத்தின் அழகு.

இன்று நாட்குறிப்பு எழுத உட்காரும் பலர் நல்ல வாக்கியம் தேடியே களைத்துவிடுகிறார்கள். அன்றைக்கு யாரிடம் கோபப்பட்டோம், எதற்கு என்று இரண்டு வரி எழுதினாலே போதும்.