கல்லே உயிர், உடல் வெறும் ஒளி

கார்ட்டூன்களில் வரும் வேற்றுக்கிரகவாசிகள் பெரும்பாலும் பச்சைச் சாயம் பூசிய மனிதர்கள்தான். தலையில் இரண்டு கொம்பு கூடுதலாக இருக்கும். கோபமும் வெட்கமும் சாவும் நம்முடையவையாகவே இருக்கும். 2013இல் கார்ட்டூன் நெட்வொர்க்கில் தொடங்கிய ‘ஸ்டீவன் யூனிவர்ஸ்’ தொடரின் ஜெம் இனம் வேறு தினுசு. ரெபெக்கா ஷுகர் இந்த இனத்துக்கு ஒரே ஒரு விதியைத்தான் வகுத்தார்: ரத்தினக்கல்தான் உயிர், உடல் அந்தக் கல் வீசும் ஒளி. மற்றதெல்லாம் அந்த ஒரு விதியிலிருந்து கிளைத்தவை.

ஜெம் ஒருத்தி பலமாக அடிபட்டால் ரத்தம் வராது. உடல் புகையாய்க் கலைந்து, கல் மட்டும் தரையில் விழும். கொஞ்ச காலம் உள்ளேயே கிடந்துவிட்டுப் புது உடலோடும், சமயத்தில் புது உடுப்போடும் வெளியே வருவாள். கல்லில் கீறல் விழுந்தால்தான் ஆபத்து. ஜெம்களில் ஒருத்தியான அமெதிஸ்டின் கல் விரிசல் காணும் அத்தியாயத்தில் அவள் உருவம் கோணுகிறது, பேச்சு தலைகீழாக வருகிறது. கல் நொறுங்கினால் முடிந்தது. ஒரு சொட்டு ரத்தம் காட்டாமல் சிறுவர்களுக்கு மரண பயத்தை உணர்த்திவிடுகிறார்கள்.

இவர்களுடைய சமூகப் படிநிலை இன்னும் சுவையானது. அரியணையில் இருப்பவர்கள் வைரங்கள். மோஸ் கடினத்தன்மை அளவில் வைரத்துக்கு 10. பூமியில் மலிந்து கிடக்கும் குவார்ட்ஸுக்கு 7. தொடரில் அமெதிஸ்ட், ஜாஸ்பர் போன்ற குவார்ட்ஸ் வகையினர் படைவீரர்கள். முத்துக்கு 2.5 முதல் 4.5 வரைதான், பேர்ள்கள் எசமானியின் பின்னால் கைகட்டி நிற்கும் ஏவலாட்கள்.

மாணிக்கமும் நீலக்கல்லும் இந்தக் கணக்கில் அடங்காதவை. இரண்டும் குருந்தம் என்ற ஒரே கனிமம், கடினத்தன்மை 9. குரோமியம் சேர்ந்தால் சிவந்து மாணிக்கமாகிறது. இரும்பும் டைட்டானியமும் சேர்ந்தால் நீலமாகிறது. தொடரிலோ சஃபயர் எதிர்காலம் காணும் உயர்குடிப் பெண். ரூபி, கூட்டத்தில் ஒருத்தியாக நிற்கும் காவல்காரி. கனிமம் ஒன்றாயிருந்தும் நிறத்தை வைத்தே வேலையும் மதிப்பும் பிறக்கும்போதே முடிவாகிவிடுகின்றன.

ஜெம்கள் நடனமாடி ஒருவரோடொருவர் கலந்து ஒரே ஆளாக முடியும். ஒரே வகையினர் கலந்தால் அது போர் உத்தி. வகை மாறிக் கலந்தால் மகாபாதகம். 2016இல் வந்த ‘தி ஆன்சர்’ அத்தியாயத்தில், தாக்க வந்தவளிடமிருந்து சஃபயரைத் தள்ளிக் காப்பாற்றும் ரூபி, தன்னை அறியாமல் அவளோடு கலந்துவிடுகிறாள். அவையே முகம் சுளிக்கிறது. ரூபியை நொறுக்கிவிடுவார்கள் என்ற நிலை. இருவரும் பூமிக்குத் தப்பி ஓடுகிறார்கள். அந்த முகச்சுளிப்பு ஏனென்று நம் ஊர்ப் பார்வையாளருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

அவர்கள் கலந்து பிறந்தவள்தான் கார்னெட். முதல் அத்தியாயத்திலிருந்தே அவளுடைய இரண்டு உள்ளங்கையிலும் ஒவ்வொரு கல் இருக்கிறது. கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் மூன்று கண்கள்: ரூபிக்கு இரண்டு, சஃபயருக்கு ஒன்று. எல்லாவற்றையும் கண்ணெதிரே வைத்துவிட்டு, அவள் இருவர் சேர்ந்த ஒருத்தி என்பதை 2015இன் ‘ஜெயில் பிரேக்’ அத்தியாயம் வரை சொல்லாமல் காத்தார்கள். ஒளித்து வைப்பதைவிடக் கடினமான வித்தை இது.

ஆயுதங்களிலும் இதே கவனம் உண்டு. பேர்ளின் ஆயுதம் ஈட்டி, அமெதிஸ்டுடையது சாட்டை. இருவரும் கலந்து ஓப்பல் ஆகும்போது ஈட்டி தண்டாகிறது, சாட்டை நாணாகிறது, கையில் வில். இசையும் அப்படித்தான். ஐவியும் சுராஷுவும் அமைத்த பின்னணியில் பேர்ளுக்குப் பியானோ, அமெதிஸ்டுக்கு டிரம்ஸ், கார்னெட்டுக்கு சிந்தசைசர் பேஸ். யார் வருகிறார் என்பதைக் கண்ணை மூடிக்கொண்டே சொல்லலாம்.

இந்த இனத்தின் பாவமும் பிறப்பிலேயே இருக்கிறது. ஜெம்களை மண்ணுக்குள் ஊன்றி வளர்க்கிறார்கள். அவர்கள் வெளியேறிய பாறையில் ஆள் வடிவப் பொத்தல்கள் நிற்கும். சுற்றியுள்ள நிலம் சத்திழந்து சாம்பலாகியிருக்கும். தான் பிறந்ததற்கு ஒரு நிலம் விலை கொடுத்திருக்கிறது என்ற குற்றவுணர்வோடு வாழ்கிறாள் அமெதிஸ்ட். சிரிப்புக்குக் கூட இந்த இனத்தில் இடமுண்டு. இலங்கை ரத்தினங்களில் பெயர்பெற்ற பத்பராட்ஷா, இளஞ்சிவப்பும் செம்மஞ்சளும் கலந்த குருந்தம். தொடரின் பத்பராட்ஷா சற்றுமுன் நடந்ததையே வருங்காலம்போல அறிவிப்பாள். ‘குறையுள்ள கல்’ என்பதால் ஒளிந்து வாழ்பவள் அவள் என்று தெரியும்போது சிரிப்பு தொண்டையில் நிற்கிறது.

குறையும் உண்டு. உலகங்களை அழித்த வைரங்கள் ஐந்தாம் பருவத்தின் முடிவில் மனம் மாறுகிற வேகத்தை நம்ப முடியவில்லை. நொறுக்கப்பட்ட கற்களுக்கு யார் பதில் சொல்வது? அத்தனை நுட்பமாகக் கட்டிய சட்டத்தை அவசரத்தில் தளர்த்திவிட்டார்கள்.

ஆனாலும், கற்பனை இனமொன்றை எப்படிக் கட்ட வேண்டும் என்று கேட்பவருக்கு நான் முதலில் காட்டுவது இந்தத் தொடரைத்தான். ஒரு விதியை வைத்துக்கொள்ளுங்கள். சாவு, சாதி, காதல், குற்றம் எல்லாவற்றையும் அதிலிருந்தே வரவழையுங்கள். அத்தியாயங்கள் பெரும்பாலும் 11 நிமிடம்தான். முதல் சில அத்தியாயங்கள் வெறும் குழந்தை விளையாட்டாகத் தோன்றும், பொறுத்துப் பாருங்கள்.