மலையும் மாநபியும்

ஆங்கில மரபுத்தொடர்களைத் தொகுத்துப் பொருள் கூறும் கைந்நூல்கள் நம் பிள்ளைகளின் மேசைகளில் தவறாது இடம்பெறுகின்றன. அந்நூல்கள் பலவற்றிலும் காணப்படும் ஒரு தொடர், ‘மலை முகம்மதிடம் வராவிடில், முகம்மது மலையிடம் செல்ல வேண்டும்’ என்பதாகும். சூழ்நிலை நம் விருப்பத்திற்கு இணங்காதபோது நாமே சூழ்நிலைக்கு இணங்க வேண்டும் என்பது அதற்குத் தரப்படும் பொருள். பொருளில் பிழையில்லை, பிறப்பைச் சொல்லாமல் விடுவதே குறை.

இக்கதையை ஆங்கிலத்தில் நிலைபெறச் செய்தவர் அறிஞர் பிரான்சிஸ் பேக்கன். 1625-இல் வெளிவந்த அவருடைய கட்டுரைத் தொகுதியில் துணிச்சலைப் பற்றிய கட்டுரை ஒன்றுண்டு. அவர் அங்கே பேசுவது வீரத்தையன்று. நாணமற்ற துணிச்சலை எள்ளி நகையாடுகிறார். அதற்கு எடுத்துக்காட்டாக, மக்களைக் கூட்டிக் குன்றை அழைத்ததாகவும், அது அசையாதிருக்கக் கண்டும் கூசாமல் தாமே குன்றை நோக்கி நடந்ததாகவும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள்மீது ஒரு கதையை ஏற்றிக் கூறுகிறார். ஆதாரம் எதையும் அவர் காட்டவில்லை. திருக்குர்ஆனிலோ ஹதீஸ் தொகுப்புகளிலோ இக்கதைக்கு இடமே இல்லை.

திருமறை காட்டும் சித்திரம் இதற்கு நேர்மாறானது. நீரூற்றைப் பீறிடச் செய்க, வானத்தைத் துண்டுகளாக விழச் செய்க என்றெல்லாம் மக்கத்துக் குறைஷியர் வற்புறுத்தியபோது, தாம் தூதராக அனுப்பப்பட்ட மனிதரே என்று விடையளிக்குமாறு இறைவன் கற்பித்ததை, பனீ இஸ்ராயீல் அத்தியாயத்தின் 90 முதல் 93 வரையுள்ள வசனங்களில் காணலாம்.

மலையைப் பற்றிய மெய்யான வரலாறும் உண்டு. புறக்கணிப்பால் உள்ளம் நொந்திருந்த வேளையில், மலைகளுக்குரிய வானவர் தோன்றி, ஆணையிட்டால் இரு மலைகளுக்கிடையே எதிரிகளை நசுக்கிவிடுவதாகக் கூறினார். பெருமானார் இசையவில்லை, அம்மக்களின் சந்ததியிலேனும் அல்லாஹ் ஒருவனையே வணங்குவோர் தோன்றுவர் என்று நம்பினார்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் வாயிலாக ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ள செய்தி இது. பேக்கனின் கதையில் மலை வர மறுத்தது. ஹதீஸில், ஏவலுக்குக் காத்திருந்த மலையை நபியவர்களே வேண்டாமென்றார்கள்!

இன்று இத்தொடரை வழங்கும் ஆங்கிலேயர் எவரையும் இகழ எண்ணுவதில்லை. காலப்போக்கில் எள்ளல் தேய்ந்து, பணிவின் பாடமாகவே அது மாறிவிட்டது. ஆதலின் பிள்ளைகள் அதனைக் கற்பதைத் தடுக்க வேண்டியதில்லை. ஆனால், வேரை மறைத்துப் பொருளை மட்டும் தரும் நூல், கற்பனையை வரலாறென மயங்க இடமளித்துவிடுகிறது. நூலாசிரியர் ஒரு வரி கூடுதலாக எழுதினால் இக்குறை தீரும். அவர் எழுதும்வரை, அந்த ஒரு வரியைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய கடமை பெற்றோராகிய நம்முடையதே.