விரலைக் காக்கும் வித்தை

கம்புச் சண்டையில் முதலில் அடிபடுவது பெரும்பாலும் விரல்கள்தான். வாளுக்குக் கைப்பிடியில் காப்பு உண்டு, கைத்தடிக்கு ஏது? எதிராளியின் தடி நம் தடியோடு வழுக்கி வந்து விரல் முட்டியில் இறங்கிவிடும். பியர் விக்னி என்ற சுவிஸ் ஆசான் தன் முறையில் இந்தக் குறைக்கு ஒரு வழி கண்டார்.

வாள்வீரன் ஆயுதத்தை உடலுக்கு முன்னே நீட்டிப் பிடிப்பான். விக்னி கையைத் தலைக்கு மேலே தூக்கிவிட்டார். அடியைத் தடுக்கும்போது பிடித்த கை மேலே, தடியின் நுனி கீழே. விழுகிற அடி ஓட்டுக்கூரையில் விழுந்த மழைபோல நுனிப் பக்கம் ஓடிவிடும். விரல் தப்பியது.

இதைப் படங்களோடு 1901-இல் 'பியர்சன்ஸ் மேகசின்' இதழில் எழுதியவர் எட்வர்ட் பார்ட்டன்-ரைட். ஜப்பானில் வேலை பார்த்துவிட்டு லண்டன் திரும்பிய எஞ்சினியர். ஜுஜுட்சு, குத்துச்சண்டை, பிரெஞ்சுக்காரர்களின் சவாட், விக்னியின் தடி எல்லாவற்றையும் சேர்த்து, தன் பெயரையும் கலந்து 'பார்டிட்சு' என்றார். (ஷெர்லாக் ஹோம்ஸ் அருவியில் விழாமல் தப்பியதும் இதனால்தான். ஹோம்ஸ் கதைகளை எழுதிய கானன் டாயில் 1903-இல் அதை எழுதியபோது ஓர் எழுத்தை விழுங்கி 'பாரிட்சு' ஆக்கிவிட்டார்.)

அந்தப் படங்களில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது ஒரு நிலையை. இடது கால் முன்னே, இடது கை வெறுமனே நீண்டிருக்கிறது. தடி பின்னால், தலைக்கு மேல். பார்த்தால் 'வா, அடி' என்று அழைப்பதுபோல இருக்கும். அழைப்புதான் அது. எதிராளி ஆசைப்பட்டு வீசுகிறான். அதே நொடியில் முன்கால் பின்னுக்குப் போகிறது. அவன் அடி காற்றில் போகிறது. வீச்சின் வேகத்தில் அவன் முன்னே சாய்ந்திருக்க, மேலே காத்திருந்த தடி அவன் மணிக்கட்டில் இறங்குகிறது. தடியோடு தடி மோதும் ஓசையே இல்லை. தடுப்பது என்ற வேலையையே காலிடம் ஒப்படைத்துவிட்ட சாமர்த்தியம் இது.

தடி, உலோகக் குமிழ் வைத்த மலாக்கா பிரம்பு. வலக்கை, இடக்கை இரண்டிலும் பழகவேண்டும். சிலம்பத்தின் சுழற்சியழகை எதிர்பார்த்தால் கஞ்சத்தனமாகத்தான் தெரியும். கடைவீதிக்குக் கிளம்பிய மனிதருக்கு அது போதும். குறையும் உண்டு: தாழ்ந்த கூரைக்கடியில், கூட்ட நெரிசலில் கையைத் தூக்க இடமிராது.

பார்ட்டன்-ரைட் லண்டனில் நடத்திய பார்டிட்சு சங்கம் சில ஆண்டுகளிலேயே மூடப்பட்டது. தடி மட்டும் தப்பியது. இந்தியாவில் போலீஸ் அதிகாரியாக இருந்த எச்.ஜி. லாங் 1923-இல் இதே வழியில் கைத்தடிக்கென்றே தனிப் புத்தகம் போட்டார்.