மாரடைப்பு முதல்ல, வேப்பிங் அப்புறம்

2019 ஜூன்ல அமெரிக்க இதயச் சங்கத்தோட ஆய்விதழ் ஒண்ணுல பட்டா, கிளான்ட்ஸ் ரெண்டு பேரும் எழுதின கட்டுரை வந்தது. இ-சிகரெட் பிடிக்கிறவங்களுக்கு மாரடைப்பு ஆபத்து கூடுதல்னு முடிவு. செய்தித்தாள்ல எல்லாம் சுத்தி வந்துச்சு. 2020 பிப்ரவரியில அதே இதழ் அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றது.

காரணம் ரொம்ப எளிமை. தரவு, அமெரிக்க அரசின் புகையிலைக் கணக்கெடுப்பு. லூயிவில் பல்கலைக்கழகத்து பிராட் ரோடு அதையே எடுத்துப் பார்த்தார். இ-சிகரெட் பிடிச்சு மாரடைப்பும் வந்தவங்க 38 பேர். அதுல பெரும்பாலானவங்களுக்கு வேப்பிங் ஆரம்பிக்கறதுக்குப் பல வருஷம் முன்னாடியே மாரடைப்பு வந்திருக்குன்னார். டைம்ஸ்டாம்ப் பார்க்காம லாக் படிச்ச கதை. தேதியை வச்சுத் திரும்பக் கணக்குப் போடுங்கன்னு இதழ் கேட்டது. கெடுவுக்குள்ள ஆசிரியர்களால முடியல. எங்க ஊர் திருவெண்ணெய்நல்லூர் சபையில, சுந்தரர் வழக்கே மூல ஓலையைக் கையெழுத்தோட ஒத்துப் பார்த்துத்தான் தீர்ந்ததுன்னு பெரியபுராணம் சொல்லுது. மூலத்தைப் பார்க்கணும், அவ்வளவுதான்.

ரோடுவோட ஆய்வுகளுக்குப் புகையிலை கம்பெனிப் பணம் வந்திருக்கு. அதைச் சொல்லாம விடக்கூடாது. ஆனா யார் காசு கொடுத்தாலும் தேதி மாறாது.

எதிர்த்தரப்பு யோக்கியமான்னா, அதுவும் இல்ல. "சிகரெட்டைவிட 95% பாதுகாப்பு"ங்கற எண் 2015ல இங்கிலாந்துப் பொது சுகாதாரத் துறை அறிக்கை வழியாப் பரவினது. அதோட வேர், 2014ல நிபுணர்கள் சிலர் கூடி உட்கார்ந்து 12 பொருட்களுக்கு 14 அளவுகோல்ல போட்ட மதிப்பெண். யாரும் யாரோட நுரையீரலையும் அளக்கல. பெரும்பாலான பொருட்களுக்கு உறுதியான ஆதாரம் இல்லைன்னு அந்தக் கட்டுரையே ஒத்துக்குது. அந்த வரியை மேற்கோள் காட்டறவங்களைத்தான் காணோம்.

இதுல நமக்கு என்னன்னு கேப்பீங்க. இந்தியா 2019ல இ-சிகரெட்டை முழுசாத் தடை செஞ்சாச்சு. பீடியும் சிகரெட்டும் பொட்டிக்கடையில அப்படியே இருக்கு. 2016-17 கணக்கெடுப்புப்படி நாட்டுல பெரியவங்கள்ல 10.7% புகைக்கிறாங்க, 21.4% புகையில்லாப் புகையிலை போடுறாங்க. நம்ம பக்கம் ஹான்ஸ். ஆக, இந்த வேப்பிங் சண்டை முழுக்கப் புகைக்கிறவரை வச்சுத்தான். உதட்டுக்குள்ள ஒதுக்கறவருக்கு அந்த ஒப்பீடே பொருந்தாது: அவர் புகையை விடல, புகையிலையை விடணும்.

அவருக்காக நடந்த சோதனைகளை 2015ல காக்ரேன் தொகுத்தது. நிகோடின் சூயிங்கமும் பட்டையும் உதவினதுக்கு ஆதாரம் கிடைக்கல. வாரெனிக்ளின் மாத்திரையும் ஆலோசனையும் ஓரளவு உதவிச்சு. ஆனா அந்தச் சோதனைகள்ல பெரும்பாலானவை அமெரிக்காவுல நடந்தது. அங்க போடற புகையிலை வேற, சுண்ணாம்பு சேர்த்த நம்ம சரக்கு வேற. நான் படிக்க ஆசைப்படற ஆய்வு அதுதான்: விழுப்புரம் மாதிரி ஒரு மாவட்டத்துல, ஹான்ஸ் போடறவங்களை வச்சு, ஒரு வருஷம் விடாம பின்தொடர்ந்து எடுத்தது.